தேங்காயில் இல்லாத கொலஸ்ட்ரால்

களியக்காவிளையிலிருந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை வரை எந்தச் சாயாக் கடையில் உட்கார்ந்தாலும், கண்ணாடி கிளாஸ் காலியாவதற்குள் சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றும் பேச்சில் வந்துவிடும். தமிழில் தொடங்கிய பேச்சு மலையாளத்தில் முடியும். அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. கொலஸ்ட்ரால் என்று யாராவது சொன்னதும் அடுத்தது தேங்காய்தான். “லேப்ல 240 காட்டிச்சு அண்ணே, அண்ணைக்கே தேங்காயை விட்டாச்சு” என்பார் ஒருவர். “எங்க அம்மச்சி சாகுறது வரை தேங்காய் அரைச்சுத்தான் கறி வச்சா, அவளுக்கு என்ன வந்துச்சு?” என்பார் எதிர் பெஞ்சுக்காரர்.

இருவரும் சண்டை போடுவதாகத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். தேங்காயில் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்று இருவருமே நம்புகிறார்கள். கொஞ்சம் நிதானமாக அதிலிருந்தே தொடங்குவோம். தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை. தேங்காய் எண்ணெயிலும் இல்லை. கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடம்பில் உண்டாகும் பொருள். செடிகொடிகளில் அதற்கு உறவான வேறு பொருள்கள் உண்டு, கொலஸ்ட்ரால் பெயரளவுக்குக்கூடத் தேறாது. ஆகவே எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அது கடலை, எள், சூரியகாந்தி, தேங்காய் என்று எல்லாத் தாவர எண்ணெய்க்கும் பொருந்துகிற உண்மை என்பதால், அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

அப்படியானால் 240 எங்கிருந்து வந்தது? தேங்காயை விட்டால் குறையுமா, குறையாதா? இந்தக் கேள்விகளோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போய், அங்கிருந்து கழக்கூட்டம் சாலையில் சற்றுத் தூரம் போனால் காரியவட்டம். கேரளப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை அங்கேதான். பேராசிரியர் பி. ஏ. குருப் தலைமையில் அத்துறை பல பத்தாண்டுகள் உளுந்து, வாழைக்காய், தேங்காய் என்று நம் அடுக்களைப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை உடம்பில் கொழுப்பின் போக்கை எப்படி மாற்றுகின்றன என்று பார்த்தது. அந்த வேலையைப் புரிந்துகொள்ள முதலில் கொலஸ்ட்ரால் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய வேண்டும். அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடப்போம்.

கொலஸ்ட்ரால் மெழுகுத்தன்மை கொண்ட பொருள். தண்ணீரில் கரையாது. 27 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு. நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிய நான்கு வளையங்கள். கெட்ட பெயர் வாங்கிவிட்ட பொருளென்றாலும், அது இல்லாமல் நமக்கு ஒரு நாள்கூட ஓடாது. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் வெளிச்சவ்வு உண்டு. அந்தச் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிய ஹார்மோன்கள் அதிலிருந்துதான் உண்டாகின்றன. வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் வைட்டமின் டியும் அதே வழியில் வருவது. சாப்பிட்ட கொழுப்பைச் செரிக்கவைக்கும் பித்தநீரின் முக்கியச் சரக்கும் அதிலிருந்து வருவதுதான்.

இவ்வளவு தேவையான பொருளைச் சாப்பாட்டை மட்டும் நம்பி உடம்பு விட்டுவைக்காது. அதைத் தானே செய்துகொள்கிறது. வளர்ந்த ஒருவரின் உடம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிராம் வரை கொலஸ்ட்ராலைச் செய்கிறது. கல்லீரல் அதில் பெரிய பங்காளி. குடலும் மற்ற உறுப்புகளும் மிச்சத்தைச் செய்கின்றன. மீனும் முட்டையும் சாப்பிடுகிறவருக்குச் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளில் கிடைப்பது 300 மில்லிகிராம் அளவில் இருக்கும். அதிலும் ஏறத்தாழ பாதிதான் குடலிலிருந்து உள்ளே போகும். சுத்த சைவமாக, முட்டை கூடத் தொடாத ஒருவரின் ரத்தத்திலும் கொலஸ்ட்ரால் இருப்பது இதனால்தான். அவருக்கு 240 வருவதும் நடக்கக்கூடியதுதான்.

எல்லோருக்கும் இருக்கும் தவறான எண்ணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இதை அவசரப்படாமல் பார்ப்போம். ரத்தத்தில் காணும் கொலஸ்ட்ராலை நாம் தின்ற கொலஸ்ட்ராலின் மிச்சம் என்று நினைக்கிறோம். வாய் வழியாகப் போனது ரத்தத்தில் மிதந்து, ரத்தக்குழாயில் படிகிறது என்று ஒரு நேர்கோட்டை மனத்தில் வரைந்து வைத்திருக்கிறோம். இந்த எண்ணம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1913-இல் ரஷ்யாவில் நிக்கோலாய் அனிச்கோவ் என்பவர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார். முயல்களின் ரத்தத்தில் அது ஏகமாக ஏறியது. பெருந்தமனியின் உட்சுவரில் மனிதருக்கு வருவதை ஒத்த படிவு உண்டானது. அருமையான சோதனை. இதய நோயைப் பற்றிய நம் அறிவுக்கு அது ஒரு அடித்தளம். ஆனால் முயல் புல் தின்னும் பிராணி. பிறந்தது முதல் உணவில் கொலஸ்ட்ராலையே காணாத உடம்பு அது. திடீரென்று வந்து விழும் சரக்கைச் சமாளிக்க அதற்கு வழி இல்லை. மனித உடம்பில் அந்த வழி இருக்கிறது.

அந்த வழியைப் புரிந்துகொள்ள, நெய்யாறு அணையிலிருந்து நம் வயல்களுக்கு வரும் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் தண்ணீர் போதுமான அளவு நின்றால் ஷட்டரை இறக்குவார்கள். மழை பெய்து நிறைந்தாலும் இறக்குவார்கள். வயலின் கடைமடையைத் திறந்துவிட்டுத் தண்ணீர் வடிந்தால் ஷட்டரை ஏற்றுவார்கள். வயலில் நிற்கும் தண்ணீரின் மட்டத்தை மட்டும் பார்த்து, எவ்வளவு மழை பெய்தது என்று சொல்ல முடியாது. ஷட்டர் எவ்வளவு ஏறியிருக்கிறது, கடைமடை எப்படி இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். சாப்பாட்டில் வரும் கொலஸ்ட்ரால் இந்தக் கணக்கில் மழை. கல்லீரல் செய்வது கால்வாய்த் தண்ணீர். கடைமடை எது என்பதற்குச் சற்றுப் பிறகு வருவோம்.

ஷட்டர் என்று சொன்னது வெறும் பேச்சுக்காக அல்ல. கல்லீரலில் அப்படி ஒன்று நிஜமாகவே உண்டு. 1940-களில் கான்ராட் பிளாக் என்ற உயிர்வேதியியலாளர், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தின் சிறு துண்டான அசிட்டேட்டில் அடையாளம் காணக்கூடிய அணுக்களை வைத்து விலங்குகளுக்குக் கொடுத்தார். அந்த அணுக்கள் கொலஸ்ட்ராலில் போய் நின்றன. இரண்டு கார்பன் உள்ள துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துத்தான் 27 கார்பன் கொண்ட கொலஸ்ட்ராலை உடம்பு கட்டுகிறது என்று இப்படித்தான் தெரிந்தது. அதற்கு முப்பதுக்கு மேற்பட்ட வேதிப்படிகள். பிளாக்கும் ஃபியோடர் லீனனும் 1964-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். முப்பதுக்கு மேற்பட்ட படிகள் இருந்தாலும் வேகத்தை முடிவுசெய்வது தொடக்கத்தில் உள்ள ஒரே ஒரு படி. அதை நடத்தும் நொதியின் பெயர் எச்.எம்.ஜி.-கோ.ஏ. ரிடக்டேஸ். நீளமான பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் ஷட்டர் அதுதான். கல்லீரலில் கொலஸ்ட்ரால் நிறைந்தால் இந்த நொதி குறைகிறது, குறைந்தால் கூடுகிறது. முட்டை தின்ற நாளில் பெரும்பாலோரின் கல்லீரல் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி 2015-இல், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் கூடாது என்ற பழைய வரம்பைக் கைவிட்டதற்கு இந்த அறிவும் ஒரு காரணம். அதற்காக எத்தனை முட்டை வேண்டுமானாலும் என்று அர்த்தமில்லை. மழைக்கு ஏற்ப ஷட்டர் இறங்குவது ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு அது மெதுவாகத்தான் இறங்கும்.

இந்த ஷட்டரைக் கையால் பிடித்து இறக்க முடியுமா என்று யோசித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1970-களின் தொடக்கத்தில் ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்து அந்த நொதியைத் தடுக்கும் பொருளைக் கண்டுபிடித்தார். இன்று ‘கொலஸ்ட்ரால் மாத்திரை’ என்று நாம் வாங்கும் ஸ்டாட்டின்கள் எல்லாம் அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசுகள்.

இப்போது தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். அதில் கொலஸ்ட்ரால் இல்லை என்றோம். பிறகு ஏன் டாக்டர்கள் அதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள்? கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாததால் ரத்தத்தில் தனியாகப் போக முடியாது. புரதமும் கொழுப்பும் சேர்ந்த சிறு பொட்டலங்களில் ஏறித்தான் போகும். லேப் அறிக்கையில் எல்.டி.எல்., எச்.டி.எல். என்று நீங்கள் பார்ப்பவை இந்தப் பொட்டலங்களின் பெயர்களே. எல்.டி.எல். பொட்டலத்தை ரத்தத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. இவற்றைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் கிடைத்தது. ஏற்பிகள் நிறைய இருந்தால் ரத்தம் சுத்தமாகும், குறைந்தால் எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிறவியிலேயே இந்த ஏற்பிகளில் குறை உள்ள குடும்பங்கள் உண்டு. அங்கே மெலிந்த, கடுமையாக உழைக்கிற, இளம் வயதுக்காரருக்குக்கூட எல்.டி.எல். மிக உயரத்தில் இருக்கும். ஒரு வீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நாற்பதுகளிலேயே மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளைகள் தேங்காயைப் பற்றி வாதம் செய்யாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போவதே நல்லது.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் பூரிதக் கொழுப்பு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு லாரிக் அமிலம். பூரிதக் கொழுப்பு அதிகமானால் கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகள் குறைகின்றன. ஆகவே தேங்காய் எண்ணெய் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை; ஏற்கெனவே இருப்பதைக் கல்லீரல் திரும்ப எடுத்துக்கொள்வதைத் தளர்த்துகிறது. விளைவு ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். லேப் அறிக்கையைப் பொறுத்தவரை ஒன்றுதான். ஆனால் எதைச் செய்தால் அது மாறும் என்று யோசிக்கத் தொடங்கினால் இரண்டும் வேறு வேறு.

இனி கடைமடை. கொலஸ்ட்ராலின் அந்த நான்கு வளையங்களை உடைத்து எரிக்க நம் உடம்பில் எந்த நொதியும் இல்லை. மாவை எரிக்கலாம், சாதாரணக் கொழுப்பை எரிக்கலாம், கொலஸ்ட்ராலை எரிக்க முடியாது. நடந்தாலும் ஓடினாலும் அந்த வளையம் கரையாது. அது வெளியேறப் பிரதான வழி ஒன்றுதான். கல்லீரல் அதைப் பித்த அமிலமாக மாற்றியோ அப்படியேவோ பித்தநீரில் விட, அது குடலுக்கு வந்து, மலத்தோடு போக வேண்டும். இதிலும் உடம்பு கஞ்சத்தனம் காட்டுகிறது. குடலுக்கு வந்த பித்த அமிலத்தில் 95 சதவீதத்தைக் குடலின் கடைசிப் பகுதி திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். மொத்தமாக உடம்பில் இருக்கும் சில கிராம் பித்த அமிலமே ஒரு நாளில் பலமுறை இப்படிச் சுற்றி வருகிறது. வெளியே போவது அரை கிராம் அளவுதான்.

குருப்பின் ஆய்வுக்கூடம் இந்தக் கடைமடையில்தான் கண் வைத்தது என்று அவர்களின் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. 1970-இல் கே. எஸ். தேவியும் குருப்பும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கொலஸ்ட்ரால் ஏற்றும் தீனி கொடுத்த எலிகளுக்கு நம் நாட்டுப் பயறு, பருப்பு வகைகளைக் கொடுத்தால் ரத்தம், கல்லீரல், பெருந்தமனி மூன்றிலும் கொழுப்பு என்ன ஆகிறது என்பது அதன் கேள்வி. 1972-இல் உளுந்தை மட்டும் எடுத்து, அதன் புரதத்தையும் மாவல்லாத பாலிசாக்கரைடையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். பி. வி. ஜி. மேனனோடு சேர்ந்து 1974-இல் குருப் அந்தப் பாலிசாக்கரைடை மட்டும் ஆராய்ந்தார். அரைத்த உளுந்து மாவுக்கு அந்தக் கொழகொழப்பைத் தருவது இத்தகைய பொருள்களே. இவற்றைத்தான் நார்ச்சத்து என்று இன்று எல்லாப் பாக்கெட்டிலும் அச்சடிக்கிறார்கள். டெனிஸ் பர்கிட், ஹியூ டிரவெல் என்ற மருத்துவர்கள் உலகத்தின் கவனத்தை அதன் பக்கம் திருப்பியது 1970-களில்தான். அதே சமயத்தில், தங்கள் போக்கில், காரியவட்டத்தில் உளுந்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது.

இந்த வேலை கண்ணால் பார்க்க எப்படி இருக்கும்? எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தீனியை நிறுத்துக் கொடுத்து, வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும். எலி சுலபமான பிராணி அல்ல. அதற்குப் பித்தப்பையே கிடையாது. வெறும் கொலஸ்ட்ராலைத் தின்னக் கொடுத்தால் ரத்தத்தில் எளிதில் ஏற்றிக்கொள்ளாது. தீனியில் கொழுப்பும் பித்த உப்பும் கூடச் சேர்த்துத்தான் பெரும்பாலும் ஏற்றுவார்கள். கடைசியில் கல்லீரலையும், நூலைப் போல் மெலிந்த பெருந்தமனியையும் எடுத்து அரைத்து, கரைப்பானில் கொழுப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்களில் கொலஸ்ட்ராலை அளக்கப் பழக்கமான முறை ஒன்று உண்டு. பிரித்தெடுத்த கொழுப்பில் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் அடர்ந்த கந்தக அமிலமும் விட்டால், கொஞ்ச நேரத்தில் குழாயில் பச்சை நிறம் எழும். கொலஸ்ட்ரால் கூடக் கூடப் பச்சை அடர்த்தியாகும். அந்த அடர்த்தியைக் கருவியில் படித்துக் கணக்குப் போட வேண்டும். ஒரு எலி, ஒரு உறுப்பு, ஒரு குழாய். இப்படி நூற்றுக்கணக்கான குழாய்கள் சேர்ந்துதான் கட்டுரையில் ஓர் அட்டவணை.

ஷட்டர் நொதியை அளப்பது இதைவிடக் கடினம். கதிரியக்க வேதிப்பொருள்களும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும். இதற்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு வழி வந்தது. புதுச்சேரி ஜிப்மரின் எஸ். ராமகிருஷ்ணனும் ஏ. வி. ராவும் 1975-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். நொதியை நேரடியாக அளக்காமல், அது எதை எடுத்து எதைத் தருகிறதோ அந்த இரண்டின் விகிதத்தைக் கல்லீரல் கரைசலில் நிறம் உண்டாக்கி அளப்பது. எடுக்கும் பொருள் தேங்கி நின்றால் நொதி மந்தம். தரும் பொருள் கூடியிருந்தால் நொதி சுறுசுறுப்பு. எளிய நிறமானி இருந்தாலே போதும். இன்றுவரை இந்தியப் பல்கலைக்கழகங்களில் எத்தனையோ முனைவர் பட்ட ஆய்வுகள் இந்த முறையைக் கையாண்டிருக்கின்றன. கருவி இல்லையே என்று கைகட்டி உட்காராமல் இப்படி யோசித்தவர்களை நாம் அதிகம் கொண்டாடுவதில்லை.

1983-இல் தாமஸ், எஸ். லீலாம்மா, குருப் மூவரும் உளுந்து நார் கொடுத்த எலிகளில் ஷட்டர் நொதி, கொலஸ்ட்ரால் உற்பத்தி, கொலஸ்ட்ரால் சிதைந்து வெளியேறுவது ஆகியவற்றை ஒரே ஆய்வில் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நார் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வெளியே கொண்டுபோகிறது. 95 சதவீதம் திரும்புவது குறைகிறது. கல்லீரலுக்குப் பித்த அமிலம் பற்றாக்குறை. உடனே தன்னிடமுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிய பித்த அமிலம் செய்கிறது. அதனால் கொலஸ்ட்ராலுக்கும் பற்றாக்குறை. அதை ஈடுகட்ட ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.ஐ இழுக்கிறது, கூடவே ஷட்டரையும் ஏற்றுகிறது.

கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நிற்போம். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைகிறபோது கல்லீரலில் உற்பத்தி கூடுகிறது! முதலில் கேட்டால் தவறாகத்தான் படும். ஆனால் கடைமடை அகலமாகத் திறந்திருந்தால், ஷட்டர் ஏறியிருந்தாலும் வயலில் மட்டம் இறங்கலாம். இது காகிதத்தில் போட்ட கணக்கு மட்டும் அல்ல. 1999-இல் கே. ஜி. பத்மகுமாரன் நாயர், டி. ராஜமோகன், குருப் மூவரும் தேங்காய்ப் பருப்பிலிருந்து புரதத்தை மட்டும் பிரித்து எலிகளுக்குக் கொடுத்தபோது இதையே கண்டார்கள். பால் புரதம் தின்ற எலிகளோடு ஒப்பிட்டால், தேங்காய்ப் புரதம் தின்றவற்றின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தி கூடியிருந்தது. பித்த அமிலமாக மாறுவதும் கூடியிருந்தது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்திருந்தது. அந்தப் புரதத்தில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் 24.5 சதவீதமும் லைசின் 2.13 சதவீதமும் இருந்தன. லைசின் இவ்வளவு குறைந்து ஆர்ஜினைன் இவ்வளவு மிகுந்திருப்பதே காரணம் என்று அவர்கள் கருதினார்கள்.

அந்த ஆய்வுக்கு முன்னோட்டமாக இருந்தது மனிதர்களிடம் செய்த ஒன்று. தன்னார்வலர்களுக்குத் தேங்காய் எண்ணெயை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். தேங்காய் எண்ணெயோடு தேங்காய்ப் பருப்பையும் சேர்த்துக் கொடுத்தும் பார்த்தார்கள். பருப்பும் சேர்ந்தபோது மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் எண்ணெய் மட்டும் தின்றதைவிடக் குறைவாக இருந்தன. குருப்பும் ராஜமோகனும் இதை 1994-இல் கொச்சியில் தென்னை வளர்ச்சி வாரியம் கூட்டிய கருத்தரங்கில் வைத்தார்கள். சாயாக் கடை விவாதத்துக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை என்பேன். துருவிய தேங்காயும் செக்கில் ஆட்டிய எண்ணெயும் ஒரே மரத்திலிருந்து வந்தாலும் உடம்புக்கு இரண்டு வேறு உணவுகள். 100 கிராம் பச்சைத் தேங்காயில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர், 33 கிராம் கொழுப்பு, 9 கிராம் நார், 3 கிராம் புரதம். எண்ணெயில் நாரும் இல்லை, புரதமும் இல்லை; 100 கிராமும் கொழுப்பு. அம்மச்சி துவரனிலும் தீயலிலும் புட்டிலும் போட்டது பெரும்பாலும் முதலாவது.

இந்த ஆய்வுகளை அவற்றின் அளவுக்கு மேல் நீட்டக் கூடாது. எலியின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமப்பது பெரும்பாலும் எச்.டி.எல்.; நம் ரத்தத்தில் எல்.டி.எல். ஆகவே எலியில் கண்ட அளவுகளை அப்படியே நமக்கு மாற்றிக் கணக்கிட முடியாது. தேங்காய் எண்ணெயைப் பற்றி மனிதர்களிடம் செய்த சோதனைகளும் இப்போது நிறைய இருக்கின்றன. 2020-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 16 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சூரியகாந்தி, கனோலா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.ஐ டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டியது, எச்.டி.எல்.லும் 4 மில்லிகிராம் கூடியது. 2016-இல் வெளியான கொச்சி ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே இதய நோய் உள்ள 200 பேரில் பாதிப் பேருக்குத் தேங்காய் எண்ணெய், பாதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெய் என்று இரண்டு ஆண்டு கொடுத்தபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதைத் தேங்காய் எண்ணெய்க்கு நற்சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்த நோயாளிகள் கூடவே இதய நோய்க்கான மருத்துவத்திலும் இருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மாத்திரை ஷட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எண்ணெயின் வேலை தனியாகத் தெரிவது கடினம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லேப் அறிக்கையில் ட்ரைகிளிசரைடு என்று ஒரு வரி வருமே, அது கொலஸ்ட்ரால் அல்ல. உடம்பு எரிபொருளாகச் சேர்த்துவைக்கும் சாதாரணக் கொழுப்பு. கொழுப்பு மிகுந்த சாப்பாடு முடிந்து சில மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தைச் சற்று நிற்கவைத்தால், மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர் சிலருக்குப் பால் கலந்தது போல வெளுத்திருக்கும். அது இந்தப் பொருள்தான். ஆனால் எண்ணெயே தொடாத நாளிலும் இது ஏறும். தட்டு நிறையச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டு உட்கார்ந்தே இருந்தால், செலவாகாத மாவைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. மதுவும் இதைக் கூட்டும். தேங்காயை விட்டுவிட்டுக் கிழங்கை இரட்டிப்பாக்கிய ஒருவரின் அறிக்கையில் ட்ரைகிளிசரைடு உயர்ந்திருந்தால் வியப்படைய ஒன்றுமில்லை.

ஆகவே 240 என்று அறிக்கை வந்தால், முதலில் அந்த 240-இல் எல்.டி.எல். எவ்வளவு, எச்.டி.எல். எவ்வளவு, ட்ரைகிளிசரைடு எவ்வளவு என்று பாருங்கள். வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம் என்று பாருங்கள். துருவும் தேங்காயைவிட அந்தக் கணக்குக்கே வலு அதிகம். பயறு, கடலை, உளுந்து, கீரை, வாழைக்காய் தட்டில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பாருங்கள். வாழையின் நாரையும் 1984-இல் வி. உஷா, பி. எல். விஜயம்மாள் ஆகியோருடன் சேர்ந்து குருப் ஆராய்ந்திருக்கிறார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், உளுந்து தின்கிறோமே என்று அதை நிறுத்திவிடாதீர்கள். நார் கடைமடையைத் திறக்கிறது, மாத்திரை ஷட்டரை இறக்குகிறது. இரண்டும் வேறு வேறு இடத்தில் வேலை செய்வதால் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வராது. சேர்ந்தால் ஒன்றுக்கொன்று துணை. நார் மட்டும் கடைமடையைத் திறந்தால் கல்லீரல் ஷட்டரை ஏற்றி ஈடுகட்டப் பார்க்கும். மாத்திரை அந்த வழியையும் அடைத்துவிட்டால், கல்லீரலுக்கு மிஞ்சியிருக்கும் வழி ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.ஐ இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்வதுதான்.